வாடகைக்கு இருக்கிற பெடியன்

பெர்ம், ரஷ்யா
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

நாயகி எழுதுகிறேன். உங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தந்தது உங்கள் மகள் நிவேதிகாதான். அவளை ஏச வேண்டாம். போன வருடம் அவளாகத்தான் என்னைத் தேடிப் பிடித்தாள். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நாம் பேசவில்லை. அன்றும் என் கணவர் செர்கேயின் குரல் கேட்டதும் நீங்கள் டெலிபோனை வைத்துவிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்று அதைச் சொல்ல வரவில்லை. எனக்கு ஓர் உதவி வேண்டும்.

என் மகன் அன்ரன். இருபத்தொரு வயது. பெயரைக் கேட்டதும் பாஷையூர்க் கத்தோலிக்கப் பெடியன் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே அது சுத்த ரஷ்யப் பெயர். ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான், அதுதான் அவனுடைய தொழில். செர்கேய் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் தண்ணீர் ஊற்றி உறையவிட்ட தளத்தில் நாலு வயதில் தொடங்கியவன். பதினெட்டு வயதில் இங்குள்ள ஒரு கிளப் அவனை ஒப்பந்தம் எழுதி எடுத்தது. இரண்டாம் நிலை அணிதான், என்றாலும் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பிறகு ஒரு முக்கியமான ஆட்டத்தில் இவனிடமிருந்து அந்த ரப்பர் வட்டைப் பறித்து எதிரணி கோல் போட்டுவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் பயிற்சியாளர் இவனை விளையாட விடாமல் வாங்கில் உட்கார வைத்தார். அடுத்த வருடம் ஒப்பந்தம் இல்லை. வீட்டுக்கு வந்து பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பாண் வாங்கக் கடைக்குப் போகவும் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தான்.

இப்போது மெல்பேர்னில் ஒரு கிளப் இந்தப் பருவத்துக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் எடுத்து வைத்த வீட்டில் இப்போதைக்கு இடமில்லையாம். உங்கள் வீட்டில் ஓர் அறை கொடுப்பீர்களா? இங்கே இந்த வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் பெடியன்களைச் சண்டைக்குப் பிடித்த காலத்தில் உங்களை அம்மா ஏன் அவ்வளவு அவசரமாக ரயிலேற்றினார் என்று நினைத்துப் பாருங்கள்.

அவனுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். சாப்பாட்டில் கரைச்சல் தரமாட்டான்.

தங்கை
நாயகி

டண்டினொங், மெல்பேர்ன்
21 மார்ச் 2025

அன்பின் நாயகி,

கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் கோயில் நிர்வாகசபைத் தேர்தல். இந்த முறையும் நான்தான் செயலாளர். அது காரணம் இல்லை என்று உன் அண்ணி பாமா பின்னால் நின்று சொல்கிறாள். சரி, அவளும் சொல்லட்டும்.

பையன் வரட்டும். பின்னறை சும்மாதான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான், அதை முன்கூட்டியே சொல்லிவை. ஹொக்கி என்றதும் ஊரில் பெண்கள் பாடசாலையில் வளைந்த தடியோடு ஓடுவார்களே, அதுதான் என்று இருந்தேன். நிவேதிகா போனில் படம் காட்டினாள். இதில் ஒருவனை ஒருவன் சுவரோடு மோதுகிறானே, இதையா பெற்ற தாய் பார்த்துக்கொண்டிருந்தாய்?

இன்னொன்று. இங்கே எங்கள் ஆட்கள் உன்னைப் பற்றிக் கேட்டால் நான் விவரமாக ஒன்றும் சொல்வதில்லை. அது அதன்பாட்டில் இருக்கட்டும். பையனுக்கு அது விளங்க வேண்டிய தேவையும் இல்லை.

அண்ணன்
சிவபாதசுந்தரம்

டண்டினொங்
12 மே 2025

அன்பின் நாயகி,

உன் மகன் முந்தாநாள் வீட்டை விட்டுப் போய்விட்டான். கிளப் வீட்டில் இடம் கிடைத்ததாம். வாசலில் நின்று ஆங்கிலத்தில் நன்றி சொன்னான். பாமா பொதி செய்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டான். என் முகத்தை நேரே பார்க்கவில்லை.

நாங்கள் என்ன குறை வைத்தோம்? அவனுடைய பையை விறாந்தையில் வைத்தால் வீடு முழுக்க வியர்வை நாற்றம். பாமா ஒரு சொல் சொல்லாமல் அந்தக் கவசங்களையெல்லாம் கராஜில் கொடி கட்டிக் காயப்போட்டாள். முட்டை மாவும் புட்டும் சாப்பிடப் பழகிவிட்டான். கெட்டிக்காரப் பிள்ளை. ஒருநாள் நான் பாமாவிடம் உப்பைக் கேட்டேன், அவள் திரும்புவதற்குள் அவன் எடுத்து நீட்டினான். பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறான் என்று பெருமைப்பட்டேன்.

போன ஞாயிறு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கோயில் ஆட்கள் வந்திருந்தார்கள். அன்ரன்தான் கராஜில் இருந்து கதிரைகளைத் தூக்கி வந்து போட்டான். எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் முகம் மாறிப் போனது. யாராவது அவனுக்கு ஆங்கிலத்தில் ஏதும் தப்பாகச் சொன்னார்களா என்று நிவேதிகாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். நீயாவது கேட்டு எழுது. செய்ததற்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அண்ணன்

பெர்ம்
15 மே 2025

அண்ணா,

அவனிடம் ஆங்கிலத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் தமிழில் சொன்னீர்கள்.

என் மகனுக்குத் தமிழ் தெரியும். நான் அவனோடு வேறு எந்தப் பாஷையில் கொஞ்சுவேன்? செர்கேய்க்கு விளங்காது என்று என்னோடு சேர்ந்து தமிழிலேயே அவரைப் பகிடி பண்ணி வளர்ந்த பிள்ளை அவன். எழுதத் தெரியாது. பேசுவான், யாழ்ப்பாணத்துப் பிள்ளை மாதிரியே பேசுவான்.

கதிரையைத் தூக்கிக்கொண்டு அவன் உங்களுக்குப் பின்னால் நிற்கும்போது தேவராஜா என்று ஒருவர் கேட்டாராம், "ஆர் இந்த வெள்ளைப் பெடியன்?" என்று. நீங்கள் சொன்னதை அவன் எனக்கு அப்படியே சொன்னான். "கிளப்பில இருந்து வந்தவன். வாடகைக்கு இருக்கிற பெடியன்." அதோடு நின்றீர்களா? "போக்கிடம் இல்லாததுகள், பாவம்" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு அந்த மனிதர் என்னைப் பற்றி விசாரிக்க, நான் இன்னும் மேற்படிப்புப் படிப்பதாகவும் கலியாணமே வேண்டாம் என்று இருப்பதாகவும் சொன்னீர்களாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது அண்ணா. இவ்வளவு காலமாக ஒரே படிப்பையா படிக்கிறேன்?

அவன் அந்தக் கதிரையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனானாம். ஐஸில் எத்தனையோ பேர் அவனை இடித்து விழுத்தியிருக்கிறார்கள். எழும்பி விளையாடுவான். இது அப்படி இல்லை.

நாயகி

டண்டினொங்
24 மே 2025

அன்பின் நாயகி,

உன் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு, அந்த ஒரு மாதத்தில் அவன் முன்னால் என்னென்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவனுடைய தலைமுடியைப் பற்றி, அவன் சாப்பிடும் அளவைப் பற்றி, உன்னைப் பற்றி. நிவேதிகாவுக்கு முதல் வாரமே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "யூ நெவர் ஆஸ்க்ட், அப்பா" என்கிறாள்.

என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். தங்கச்சியின் மகனை நான் என்னவென்று சொல்வது? மருமகன் என்றுதானே சொல்ல வேண்டும். வீட்டில் கலியாண வயதில் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைப் பெடியனைக் காட்டி மருமகன் என்றால் தேவராஜாவின் காதில் அது எப்படி விழும்? பின்னேரத்துக்குள் டண்டினொங் முழுக்க நிவேதிகாவுக்கு ரஷ்ய மாப்பிள்ளை என்று கதை பரவியிருக்கும். இந்த இரண்டு உறவுக்கும் ஏன்தான் ஒரே சொல்லை வைத்தார்களோ தெரியாது.

இதை எழுதிவிட்டு வாசித்துப் பார்க்கிறேன். எனக்கே இது நொண்டிச் சாட்டாகத்தான் தெரிகிறது. தங்கச்சியின் மகன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு முதலில் தங்கச்சி கலியாணம் கட்டியவள் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

நேற்றுப் பாமா இடியப்பமும் சொதியும் கட்டித் தந்தாள். கிளப் வீட்டுக்குக் கொண்டு போனேன். நாலு பெடியன்கள், குசினி முழுக்கப் போத்தல்கள். அவன் வெளியே வந்தான். நான் தமிழில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், வசனம் முடியவில்லை. அவன்தான் முடித்து வைத்தான். "பரவாயில்லை அங்கிள். அன்ரியைக் கேட்டதாச் சொல்லுங்கோ."

என்ன அழகான தமிழ் நாயகி. உன் குரல் அப்படியே. ஆனால் அங்கிள் என்றான். கடைக்காரனும் அங்கிள், பஸ்ஸில் இடம் கொடுக்கிறவனும் அங்கிள்.

அண்ணன்

பெர்ம்
2 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைச் செர்கேய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மருமகன் விஷயம் வந்ததும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, நீ செய்தது மட்டும் சரியா என்று கேட்டார். அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அன்ரன் புறப்படும்போது நான்தான் சொன்னேன், மாமா உன்னை மருமகன் என்று கூப்பிடும்வரை நீ தமிழில் வாய் திறக்காதே என்று. நீங்கள் அவனை நடத்துவதைப் பார்ப்போம் என்று எனக்கொரு வீம்பு. அவன் விமானத்தில் "மாமா, நான் நாயகியின்ர மகன்" என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்தானாம். அதைச் சொல்ல விட்டிருந்தால் நீங்கள் கரைந்திருப்பீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். என் பிள்ளையை வைத்து உங்களைச் சோதித்தேன். அடி அவனுக்கு விழுந்தது. இதை நினைத்தால் எனக்கு அவனோடு வீடியோவில் முகம் பார்த்துப் பேசவே வெட்கமாக இருக்கிறது.

ஆட்டம் பற்றி அவன் சரியாகச் சொல்கிறான் இல்லை. கூட விளையாடுகிறவர்கள் பகலில் தச்சு வேலையும் மின்சார வேலையும் செய்கிறவர்கள் என்பதையே இரண்டு மாதம் மறைத்துவிட்டான். அவன் பெரிய தொழில்முறை அணியில் இருப்பதாக நான் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து கூப்பிடப்பட்டவன் கோல் போடாவிட்டால் இடையிலேயே அனுப்பிவிடுவார்களாம். இங்கே திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கசகஸ்தானில் ஒரு கிளப் இவனைக் கவனிக்கிறது, இந்தப் பருவத்தை ஒழுங்காக முடித்தால் எடுப்பார்கள்.

ஒரு ஆட்டத்துக்காவது போய்ப் பாருங்கள் அண்ணா. அவன் எங்கே நின்றாலும் ஆட்கள் இருக்கும் பக்கத்தை ஒருதரம் பார்ப்பான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

நாயகி

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
13 ஜூலை 2025

அன்பின் நாயகி,

முதலில் இதை வாசி: அன்ரன் சுகமாக இருக்கிறான். அவனே உனக்குச் செய்தி அனுப்பியிருப்பான். நடந்ததை நான் முழுதாக எழுதுகிறேன்.

அவர்களுக்கு நேற்று சிட்னியில் ஆட்டம். பாமாவின் அக்கா சிவாஜினி இங்கே ஸ்ட்ராத்ஃபீல்டில் இருப்பது உனக்குத் தெரியும். அவளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு காரில் வந்தேன். மெல்பேர்னில் வீட்டுக்குப் பக்கத்திலேயே எத்தனை ஆட்டம் நடந்தது, அங்கே ஒன்றுக்கும் போகவில்லை. இங்கே என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. அதுதான் காரணம், வேறு நல்ல காரணம் எதுவும் எழுத என்னிடம் இல்லை.

அவன் விளையாடுவதைப் பார்த்தேன். நான் வியாபாரக் கணக்கிலும் கோயில் வேலையிலும் காலம் கழித்தவன், எனக்கு விளையாட்டு விளங்காது. ஆனால் அந்த வட்டு அவனிடம் போனதும் பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஒரு கோல் போட்டான். நீ எழுதியது போலவே ஆட்கள் இருக்கும் பக்கம் திரும்பினான். நான் எழும்பி நின்றேன். கண்டுவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் பகுதியில் — அவர்கள் ஒரு ஆட்டத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள் — எதிரணிக்காரன் ஒருவனின் தடி நிமிர்ந்து இவன் வாயில் பட்டது. உதடு கிழிந்து, தாடையும் வீங்கி, ஐஸெல்லாம் இரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நானும், ஆட்டம் பார்க்க என்னோடு வந்திருந்த சிவாஜினியும் அவளுடைய புருஷனும் பின்னால் போனோம். அவனுடைய தலைக்கவசத்தை யாரோ என் கையில் தந்தார்கள்.

அங்கே இருந்த தாதி கெல்லிவில்லில் இருந்து வரும் தமிழ்நாட்டுப் பிள்ளை. நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே கேட்டாள், "சார், நீங்க இவருக்கு யாரு?" என்று.

"என்ர மருமகன்" என்றேன்.

"ஓ, மாப்பிள்ளையா? உங்க பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?"

நான் பயந்தது அப்படியே என் முன்னால் வந்து நின்றது. சிவாஜினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் நான் உன்னைப் பற்றி அந்தப் பழைய கதையைத்தான் சொல்லி வைத்திருந்தேன். அன்ரன் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "என்ர கூடப்பிறந்த தங்கச்சி ரஷ்யாவில கலியாணம் கட்டினவ. அவவின்ர மகன் இவர்."

அவ்வளவுதான் நாயகி. இதைச் சொல்ல இருபத்தாறு வருடம் எடுத்தேன். சொல்லும்போது ஒன்றுமே நடக்கவில்லை. அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டு போய்விட்டாள். சிவாஜினி மட்டும் மெதுவாக, அப்படியெண்டால் அவவுக்கு ஆர் சீதனம் குடுத்தது என்று கேட்டாள். அவளுக்கு எப்பவும் அப்படித்தான்.

அன்ரனுக்கு உதட்டில் தையல். பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததாக எழுதவும் மாட்டேன்.

அண்ணன்

பெர்ம்
16 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பார்த்து அழுதேன். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதேன். நீங்கள் அவனுடைய கவசத்தை விடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததாக எழுதியிருந்தான். இரண்டு கிழமையில் திரும்ப விளையாடலாமாம். அணியை விட்டு அனுப்பமாட்டார்கள், பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

ஆனால் நான் ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். சிட்னியில் சொன்னது சிட்னியோடு. தாதியிடமும் அண்ணியின் அக்காவிடமும் சொன்னீர்கள். அன்ரன் கதிரை தூக்கிக்கொண்டு நின்றது தேவராஜாவுக்கு முன்னால்.

இனி உங்கள் இஷ்டம். நான் மறுபடியும் நிபந்தனை போடுகிற வேலைக்கு வரவில்லை.

நாயகி

டண்டினொங்
1 செப்டெம்பர் 2025

அன்பின் நாயகி,

நீ இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது அன்ரன் அந்தக் கசகஸ்தான் கிளப்புக்குப் போய்க்கொண்டிருப்பான். மெலிந்துதான் போயிருக்கிறான், மற்றபடி சுகம். உதட்டில் ஒரு கோடு இருக்கும், பயப்படாதே.

ஆவணிச் சதுர்த்தி முடிந்து நேற்று ஞாயிறு கோயிலில் அன்னதானம். அவனை வரச் சொல்லிக் கேட்டேன். நிவேதிகாவோடு வந்தான். வந்த கையோடு, யாரோ கையில் கொடுத்த தேவாரப் புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு இறங்கிவிட்டான். சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை.

தேவராஜா அண்ணை பந்தியில் இருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் பக்கத்தில். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "அண்ணை, அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னது பொய். இவர் வாடகைக்கு இருந்தவர் இல்லை. என்ர மருமகன். நாயகியின்ர மகன்."

நான் எதிர்பார்த்தது ஆச்சரியம், இல்லாவிட்டால் ஏச்சு. தேவராஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இரும் சிவபாதம். எங்களுக்கு அது எப்பவோ தெரியும். மொஸ்கோவில படிச்ச என்ர மச்சான்தானே உம்மட தங்கச்சியின்ர கலியாணத்துக்குச் சாட்சி. நீர் படிக்கிறா எண்டு சொல்லேக்க, பாவம், மனுசன் வெக்கப்படுறார் எண்டு நாங்களும் படிப்பைப் பற்றியே கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை நாயகி. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பந்தியில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் திருவிழாவில் தங்கச்சி எப்படி, படிப்பு எப்படி என்று விசாரித்தவர்கள் எனக்காகத்தான் விசாரித்திருக்கிறார்கள். யாரிடமிருந்து மறைக்க இவ்வளவு காலம் உன்னை இழந்தேன்? நான் பேசுவது விளங்காது என்று நினைத்தது அந்தக் கதிரை தூக்கிய பிள்ளைக்கு மட்டும்தான். அவனுக்கும் விளங்கியது.

அன்ரன் சோற்று வாளியோடு எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். எல்லாவற்றையும் கேட்டான். பிறகு தேவராஜாவின் இலையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டான். அவர் அவன் தமிழைக் கேட்டுத் திகைத்துப் போனார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இன்று காலை விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த நாறல் பையை நான்தான் தூக்கினேன், தர மறுத்தான், விடவில்லை. பாமா அழத் தொடங்கிவிட்டாள். அவன் அவளைக் கட்டிப்பிடித்து, "மாமி, அழாதேங்கோ, போட்டு வாறன்" என்றான். மாமி என்றான் நாயகி. அடுத்தது நான்.

என் பக்கம் திரும்பினான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். அன்பாகத்தான் பிடித்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அங்கிள், போட்டு வாறன்."

போய்விட்டான். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கிளை மாமா என்று திருத்தச் சொல்லி நீ அவனிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்
சிவபாதசுந்தரம்